தெளிப்பதா, பொறுப்பதா: மாடித்தோட்டப் பூச்சிக்கு எந்த வழி?

மொட்டைமாடியில் நாற்பது பை செடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் தானாக வந்துவிடும். காலையில் மேலே போனதும் இலையைத் திருப்பிப் பார்ப்பது. திருப்பிய இடத்தில் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தால் அன்றைக்கு வேறு எதிலும் மனம் ஓடாது. உடனே தெரிந்தவர்களிடம் கேட்போம்: "இதுக்கு என்ன தெளிக்கலாம்?"

திருச்சியில் எட்டு வருடமாக மாடித்தோட்டம் போடுகிறேன். முதல் மூன்று வருடம் நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேப்ப எண்ணெய் என்றார்கள், இஞ்சி பூண்டு என்றார்கள், ஐந்திலைக் கரைசல், மஞ்சள் அட்டை, கடையில் விற்கும் பூஞ்சாணப் பவுடர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் மட்டும், "ஒண்ணும் பண்ணாதீங்க, பொறிவண்டு வந்து பூச்சியைத் தின்னுடும்" என்றார். எல்லாமே இயற்கை வழிதான். ஆனால் ஒன்றுக்குக் கைகொடுப்பது இன்னொன்றுக்கு வீண் வேலை. சில நேரம் நமக்கு உதவ வந்த பூச்சியையே அது கொன்றுவிடும். அதனால் ஒவ்வொரு வழியையும் என் மாடியில் பார்த்த அளவில் எடைபோட்டுச் சொல்கிறேன். கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்தால் கொஞ்சம் பணமும் நிறையப் பூச்சிகளும் மிஞ்சும்.

முதலில் பூச்சி எப்படித் தின்கிறது என்று பாருங்கள். அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, இலைப்பேன் எல்லாம் சாறு உறிஞ்சுகிறவை. இலை சுருளும், பிசுபிசுக்கும், எறும்பு ஏறும். புழுக்கள் கடித்துத் தின்கிறவை. இலையில் ஓட்டை தெரியும், கீழே எச்சம் கிடக்கும். மூன்றாவது வகைதான் ஏமாற்றுவது. கத்தரித் தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும் புழு, பாகலுக்குள் முட்டையிடும் பழ ஈ. வெளியே எதைத் தெளித்தாலும் உள்ளே இருப்பதற்குத் தெரியப் போவதில்லை. என்ன தெளிப்பது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்தப் பிரிவிலேயே வந்துவிடும்.

சரி, வேப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். வேம்பு ஊரறிந்த மருந்து. பூஞ்சாணத்துக்கு வேப்ப எண்ணெயைப் பயன்படுத்தும் முறைக்கு ஓர் அமெரிக்க நிறுவனமும் அந்நாட்டு வேளாண் துறையும் சேர்ந்து வாங்கியிருந்த காப்புரிமையை, இது இந்திய விவசாயிகளுக்குக் காலங்காலமாகத் தெரிந்ததுதான் என்ற வாதத்தை ஏற்று 2000இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ரத்து செய்தது. மேல்முறையீட்டிலும் 2005இல் அதுவே உறுதியானது. அவ்வளவு பழகிய மருந்தையே நம்மில் பலர் தப்பாகப் பயன்படுத்துகிறோம்.

வேப்ப எண்ணெயும் வேப்பங்கொட்டைச் சாறும் ஒன்றல்ல. எண்ணெய் மேலே பட்ட மென்மையான பூச்சியை மூடி மூச்சடைக்க வைக்கிறது. அதனால் அசுவினிக்கும் இளம் மாவுப்பூச்சிக்கும் நல்லது. கொட்டையில் இருக்கும் அசாடிராக்டின் வேறு மாதிரி வேலை செய்யும். அது பட்ட இலையைத் தின்னப் புழுவுக்குப் பிடிக்காது, தின்றாலும் தோலுரித்து வளர முடியாமல் போகும். தெளித்த மறுநாள் பார்த்தால் புழு உயிரோடுதான் இருக்கும். "வேலை செய்யலையே" என்று பலர் கைவிடுவது அந்த இடத்தில்தான். நாலைந்து நாள் கழித்துப் பாருங்கள், தின்பது குறைந்திருக்கும். புழுக்களுக்குக் கொட்டைச் சாறு, சாறு உறிஞ்சிகளுக்கு எண்ணெய் என்று நான் பிரித்துக்கொண்டேன்.

கொட்டைச் சாறு செய்வது சுலபம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பு. இடித்துத் துணியில் கட்டி இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்தால் முடிந்தது. அன்றன்றைக்குச் செய்ததை அன்றே தெளித்துவிட வேண்டும். எண்ணெயாக இருந்தால் நான் லிட்டருக்கு 5 மில்லியில் நிறுத்திக்கொள்வேன். வயலுக்கு 3 சதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி வரை சொல்வார்கள். திருச்சி வெயிலில் தொட்டிச் செடிக்கு அது தாங்காது, கொழுந்து கருகிவிடும். சோப்பை முதலில் எண்ணெயில் நன்றாக அடித்துக் கலந்து பாலாக வந்த பிறகுதான் தண்ணீர் சேர்க்க வேண்டும். துணி துவைக்கும் பவுடரைப் போடவே கூடாது. எதுவானாலும் வெயில் இறங்கிய பிறகுதான் தெளிக்க வேண்டும், ஏனென்றால் அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும்.

ஐந்திலைக் கரைசலை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் மாமனார். முசிறிப் பக்கம் விவசாயம் பார்த்தவர். "ஆடு மாடு வாய் வைக்காத தழை, ஒடிச்சா பால் வடியிற தழை, மோந்தா குமட்டுற தழை, இப்படிப் பாத்துப் பறிச்சுக்கிட்டு வாம்மா" என்றார். நொச்சி, ஆடாதொடை, எருக்கு, ஆடுதீண்டாப்பாளை, வேம்பு. வேம்பை ஆடு நன்றாகத் தின்னும்தான், அதைக் கசப்புக்காகச் சேர்ப்பது. இடித்து மாட்டுக் கோமியத்தில் ஊறவைத்து, தினமும் கலக்கி, பத்துப் பதினைந்து நாள் கழித்து வடிகட்டினால் வரும் சாற்றை, பத்து லிட்டர் தண்ணீருக்கு அரை லிட்டர் வீதம் கலந்து தெளிப்பார். இதை அவர் பூச்சிவிரட்டி என்றுதான் சொல்வார், கொல்லி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தப் பெயரிலேயே அதன் அளவு இருக்கிறது. வாசனையால் செடி மறைந்து நிற்கும், புதிதாக முட்டையிட வரும் பூச்சி விலகிப் போகும். ஏற்கெனவே வந்து குடியேறிய மாவுப்பூச்சியை அது ஒன்றும் செய்யாது. வயலில் முன்கூட்டியே அடிப்பவர்களுக்கு நல்ல பலன். மாடியில் என்றால் கோமியம் ஊறும் பத்து நாளும் பக்கத்து வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

இஞ்சி பூண்டு பச்சை மிளகாய்க் கரைசலும் விரட்டிதான். மூன்றையும் சம அளவு அரைத்து வடிகட்டுவது. வீட்டிலேயே பொருள் இருப்பதால் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். ஒரு மழை பெய்தாலோ, இரண்டு நாள் வெயில் அடித்தாலோ வாசனை போய்விடும், மறுபடி அரைக்க வேண்டும். கண்ணில் தெறித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்னி அஸ்திரம் என்ற இயற்கை விவசாயக் கரைசலில் இதோடு புகையிலையும் சேரும். புகையிலையின் நிக்கோட்டின் மனிதருக்கும் நஞ்சு, தேனீக்கும் நஞ்சு. இயற்கையில் விளைந்தது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. கீரை பறித்து அன்றைக்கே சமைக்கிற வீட்டு மாடியில் புகையிலைச் சாற்றுக்கு இடம் கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

மஞ்சள் ஒட்டும் அட்டை வெள்ளை ஈக்கும் பறக்கும் அசுவினிக்கும், நீல அட்டை இலைப்பேனுக்கும். தொங்கவிட்ட ஒரு வாரத்தில் அட்டை கறுத்துவிடும், பார்க்க மனநிறைவாக இருக்கும். கிட்டப் போய் என்னென்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். அசுவினியைத் தின்ன வரும் சிறு ஈக்களும், பூச்சியின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும், எறும்பைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளும் அதிலேயே செத்திருக்கும். அதனால் அட்டையை நான் வேவு பார்க்கத்தான் வைத்துக்கொள்கிறேன். என்ன வந்திருக்கிறது, எவ்வளவு என்று தெரிந்ததும் கழற்றிவிடுவேன்.

இனக்கவர்ச்சிப் பொறி இன்னொன்று. கத்தரித் தண்டு, காய்த்துளைப்பானுக்கு ஏக்கருக்கு 5 வைக்கச் சொல்வார்கள். பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை வரவழைக்கும் பொறி அது. வயலில் ஆண்கள் குறைந்தால் இனம் குறையும். பத்துக் கத்தரிச் செடி இருக்கிற மாடியில் அந்தக் கணக்கு ஓடாது, வேறெங்கோ இணைசேர்ந்த பெண் பறந்து வந்து நம் செடியில் முட்டையிடும். பாகல், பீர்க்கு, புடலைக்கான பழ ஈப் பொறிக்கும் இதே குறைதான்.

உள்ளே புகும் பூச்சிகளுக்கு என் மாடியில் ஜெயித்தது விலையில்லாத வேலை. கத்தரியில் ஒரு கொழுந்து மட்டும் காலையிலேயே தலை தொங்கி நின்றால், தண்ணீர்க் குறை என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்துக் கொழுந்துகள் நிமிர்ந்து நிற்கும்போது ஒன்று மட்டும் வாடாது. வாடிய இடத்துக்குக் கீழே இரண்டு விரல்கடை விட்டுக் கிள்ளி, நகத்தால் தண்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே ஈரமான எச்சத்துக்கு நடுவில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு புழு இருக்கும். அரிசி நீளத்தில் இருக்கும்போதே பிடித்துவிட்டால் அது காய்க்குப் போகாது. கிள்ளியதைச் செடியடியில் போடாமல் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள், ஐந்து நிமிட வேலை. சொத்தைக் கத்தரிக்காய் எங்கள் வீட்டில் முன்பு பாதிக்குப் பாதி இருந்தது, இப்போது எப்போதாவது ஒன்று. பாகலுக்குப் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்ததும் செய்தித்தாளைச் சுருட்டிக் குழாய் போல மாட்டி விடுவேன், இல்லையென்றால் கொசுவலைத் துணியில் சின்னப் பை. பழ ஈ கொட்ட இடமில்லை. இந்த இரண்டுக்கும் ஈடான மருந்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

கடையில் கிடைக்கும் நுண்ணுயிர்ப் பவுடர்களில் மூன்றைப் பற்றிச் சொன்னால் போதும். வெர்டிசீலியம் லெக்கானி சாறு உறிஞ்சிகளுக்கு, பிவேரியா பேசியானா பெரும்பாலும் புழு, வண்டுகளுக்கு. இரண்டும் பூஞ்சாணம். வித்து பூச்சியின் தோலில் ஒட்டி முளைத்து உள்ளே இறங்க வேண்டும். அதற்கு ஈரப்பதம் வேண்டும், ஒரு வாரம் வரை பொறுமையும் வேண்டும். சித்திரை வெயிலில் காய்ந்த மாடியில் தெளித்தால் பணம் தண்டம். ஐப்பசி, கார்த்திகையில் லிட்டருக்கு 5 கிராம் கலந்து மாலையில் இலைக்கு அடியில் நனையத் தெளித்தால் நன்றாக வேலை செய்கிறது. காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் உள்ளே இருப்பது உயிர்.

மூன்றாவது பேசில்லஸ் துரின்ஜியென்சிஸ், பிடி என்று கேட்டால் கொடுப்பார்கள். இலையோடு சேர்த்துப் புழு இதைத் தின்ன வேண்டும். தின்றால் குடல் ஓட்டையாகித் தின்பதை நிறுத்திவிடும். தேனீயை ஒன்றும் செய்யாது, நம்மையும் ஒன்றும் செய்யாது. முட்டைக்கோஸ், காலிபிளவர் போடுகிறவர்களுக்கு இதைவிடச் சுத்தமான வழி இல்லை. ஆனால் இந்தக் கிருமியை முதன்முதலில் 1901இல் ஜப்பானில் கண்டுபிடித்ததே செத்துக்கொண்டிருந்த பட்டுப்புழுவில்தான். மல்பெரித் தோட்டம் பக்கத்தில் இருக்கிறவர்கள் இதைத் தொடாதீர்கள். வண்ணத்துப்பூச்சிப் புழுவுக்கும் அதே கதி என்பதால் கறிவேப்பிலைக்கும் வேண்டாம். அந்தச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒரு கொம்பு நீட்டி, ஒரு மாதிரி வாடை அடிக்கும். எலுமிச்சை அழகியோ கறிவேப்பிலை அழகியோ அதிலிருந்து வரும். நாலு கொத்து இலை போனால் போகட்டும், கறிவேப்பிலை மறுபடி துளிர்க்கும்.

இனி, ஒன்றும் செய்யாமல் பொறுப்பது. பலர் இதை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. எனக்கு இதைப் புரியவைத்தது வாசல் செம்பருத்தி. நான்காம் வருடம் அதில் மாவுப்பூச்சி அப்பியிருந்தது. பல் துலக்கும் பழைய பிரஷ்ஷை வேப்ப எண்ணெயில் தோய்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பஞ்சு போல ஒன்று, மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரியது, பிரஷ்ஷைக் கண்டதும் விறுவிறுவென்று தண்டைச் சுற்றி ஓடியது. மாவுப்பூச்சி அப்படி ஓடாதே என்று கையை நிறுத்தினேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அது திரும்பி வந்து, மாவுப்பூச்சியின் முட்டைப் பஞ்சுக்குள் தலையை நுழைத்துத் தின்னத் தொடங்கியது. அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. தாய்வண்டு கறுப்பு, தலையும் இறக்கை நுனியும் ஆரஞ்சு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்ட இனம். புழு மட்டும் தான் தின்னும் பூச்சி மாதிரியே வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டிருக்கும். பிரஷ்ஷைக் கழுவியபோது வாளியில் அதே மாதிரி ஆறேழு மிதந்தன. என்னைக் காப்பாற்ற வந்தவற்றை நானே தேய்த்துக் கொன்றிருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் சங்கடப்படும். அதற்குப் பிறகு இரண்டு வாரம் செம்பருத்தியைத் தொடவில்லை. மிச்சமிருந்த புழுக்களே அதைச் சுத்தம் செய்துவிட்டன.

இது ஒரு செம்பருத்தியோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டிப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியபோது எந்த மருந்துக்கும் அது சரியாக அடங்கவில்லை, மெழுகுப் போர்வைக்குள் மருந்து இறங்காது. 2010இல் பெங்களூரில் உள்ள தேசிய ஆராய்ச்சி அமைப்பு போர்ட்டோ ரிகோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றில் அசரோபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குளவிதான் அந்தப் பூச்சியை அடக்கியது. 2016இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோதும் வேளாண் பல்கலைக்கழகம் சொன்னது அதேதான்: ரசாயனம் அடித்து என்கார்சியா குளவியைக் கொன்றுவிடாதீர்கள். இலையில் படிந்த கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா காய்ச்சித் தெளிக்கச் சொன்னார்கள், பசை காய்ந்து உரியும்போது கறுப்பும் சேர்ந்து உரிந்துவிடும்.

பொறுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் எறும்பைத் தடுக்க வேண்டும். அசுவினியின் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, பொறிவண்டை நெருங்க விடாது. தண்டைச் சுற்றித் துணி கட்டி அதன்மேல் வாசலின் தடவினாலோ, ஸ்டாண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தாலோ போதும். அப்புறம் தண்ணீர்க் குழாயை விரலால் அடைத்து இலைக்கு அடியில் பீய்ச்சுங்கள். ஊசி வாயைச் செடிக்குள் குத்தியிருக்கும் அசுவினி பிய்ந்து விழுந்தால் மறுபடி ஏறிப் பிழைப்பது கடினம். மூன்று நாளுக்கு ஒரு முறை அடித்து, முழுக்கத் துடைத்தெடுக்காமல் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். இரை இல்லாத இடத்துக்குப் பொறிவண்டு ஏன் வரப்போகிறது? இலையில் பழுப்பு நிறத்தில் உப்பிப்போன அசுவினிகள் தெரிந்தால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம். நூல் காம்பின் நுனியில் நிற்கும் வெள்ளை முட்டைகள், அசுவினியைத் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையவை. அவற்றில் ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டால் தெளிப்பானை உள்ளே வைத்துவிடுங்கள், வேப்ப எண்ணெய் உட்பட.

இவர்களை முன்கூட்டியே அழைத்து வைக்க எனக்குப் பிடித்தது தட்டைப்பயறு. அடுப்படி டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்து மாடி ஓரத்தில் இரண்டு பையில் ஊன்றினால், அசுவினி முதலில் அங்கே போகும், பின்னாலேயே பொறிவண்டும் வரும். அவரைக் கொடிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், அதே அசுவினி அவரைக்கும் தாவும். தக்காளிக்குச் செண்டுமல்லி நல்ல துணை. பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசைச் செண்டுமல்லி நடச் சொல்கிறது. செண்டுமல்லி நாற்றுக்குத் தக்காளி நாற்றைவிட வயது கூட இருந்தால் இரண்டும் ஒரே சமயம் பூத்து, காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி மல்லிமொட்டைத் தேடிப் போகும். மாடியில் நான்கு தக்காளிக்கு ஒரு மல்லி வைக்கிறேன்.

பொறுக்கவே கூடாத இடங்களும் உண்டு. வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய், அந்தச் செடி இனித் தேறாது. பிடுங்கி மூட்டை கட்டி வெளியேற்றிவிட்டு, மற்ற வெண்டைக்கு அன்றைக்கே வேப்ப எண்ணெய் தெளியுங்கள். மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கி மடங்கினால் சிலந்திப்பேன். இரண்டிலும் கொழுந்து முழுக்கச் சுருளும்வரை காத்திருந்தால் காய்ப்பு போய்விடும், சுருண்ட நுனியை வெட்டிவிட்டு உடனே தெளிப்பதுதான் சரி.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டால், ஒரு நல்ல கைத்தெளிப்பான், ஒரு புட்டி வேப்ப எண்ணெய், காதி சோப்பு, ஒரு பூதக்கண்ணாடி. முட்டைக்கோஸ் போட்டால் மட்டும் பிடி பவுடர். மற்றதையெல்லாம் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஒரு செடியில் பூச்சியைப் பார்த்த முதல் நாள் பூதக்கண்ணாடியும் தண்ணீர்க் குழாயும் மட்டும்தான். எறும்பைத் தடுத்துப் பத்து நாள் கொடுங்கள். அதற்குள் உதவிக்கு ஒருவரும் வராமல் பூச்சியும் கூடிக்கொண்டே போனால், அந்தச் செடிக்கு மட்டும் மாலையில் எண்ணெய். மாடி முழுக்க ஒரே நாளில் தெளிப்பதை நான் விட்டு ஐந்து வருடமாகிறது.

ஆனி, ஆடியில் தெருவோர வேம்புகளின் அடியில் பழம் உதிர்ந்து கிடக்கும். பைசா செலவில்லாமல் வருடத்துக்கான மருந்து அது. பொறுக்கிச் சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் நன்றாகக் காயவைத்துக் காற்றோட்டமான துணிப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். மூன்று மாதம் கழித்து எடுத்து உடைக்கத் தொடங்கலாம். எட்டு, பத்து மாதத்துக்கு மேல் போனால் வீரியம் குறைந்துவிடும் என்பதால், மிச்சத்தை இடித்து மண்ணில் கலந்துவிட்டு அடுத்த ஆனிக்குப் பையைக் காலியாக வையுங்கள்.